குழந்தைகளோடு மோட்டார்ஹோமில் சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் வரை: முழுமையான வழிகாட்டி

சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பசிபிக் நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 920 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. குழந்தைகளோடு மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) போவதென்றால் இதே தூரத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். விடுப்பு கிடைக்கவில்லை என்றால் பத்து நாளாவது வேண்டும். அதுவும் முடியாதென்றால் நடுவழியிலுள்ள காஃப்ஸ் ஹார்பர் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். ஓட்டும் நேரத்தைக் குறைத்து, நிற்கும் நேரத்தைக் கூட்டும் பயணம்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

ஆஸ்திரேலியாவில் அழகான கரையோரச் சாலைகள் நிறைய இருக்க, முதல் பயணத்துக்கு இதை ஏன் சொல்கிறேன்? விக்டோரியாவின் கிரேட் ஓஷன் ரோடு கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வளைவுகள் அதிகம், பின்னால் உட்கார்ந்த குழந்தை வாந்தி எடுக்க வாய்ப்பும் அதிகம், காற்றும் குளிர். குயின்ஸ்லாந்தின் வடக்கே கேர்ன்ஸ் பக்கம் போனால் நவம்பரிலிருந்து மே வரை கொடிய ஜெல்லி மீன்களுக்காகவும், வருடம் முழுக்க முதலைகளுக்காகவும் கடலில் இறங்க யோசிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் இடையே பல மணி நேரம் ஒன்றுமே இருக்காது. சிட்னி–பிரிஸ்பேன் சாலையோ 2020 இறுதியில் முழுவதும் நான்கு வழியாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஊர் கடற்கரை, கடற்கரைக்குப் பக்கத்திலேயே தங்க இடம். இந்தியா, இலங்கை போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தப் பதற்றமும் இல்லை.

எந்த மாதம் போகலாம்

மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மார்ச், ஏப்ரலில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குட்டிகளோடு அண்டார்டிகா நோக்கித் திரும்பும். தாயும் குட்டியும் கரைக்குப் பக்கமாகவே நீந்துவதால், படகு ஏறாமல் பாறை முனைகளில் நின்றே பார்க்கலாம். பைனாக்குலர் ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசி முதல் ஜனவரி கடைசி வரை பள்ளி விடுமுறை. கரையோரக் கேரவன் பார்க்குகள் (இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடங்கள்) பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், வாடகையும் ஏறிவிடும், சில இடங்களில் குறைந்தது ஐந்து, ஏழு இரவு எடுத்தால்தான் தருவார்கள். ஈஸ்டர் வாரமும் அப்படியே. பள்ளி போகும் பிள்ளைகள் இருந்தால் வேறு வழியில்லை, அப்போது வண்டிக்கு முன்னால் பார்க்கில் இடம் பிடியுங்கள். பள்ளி வயது வராத குழந்தை என்றால், விடுமுறை முடிந்து பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கிளம்பிப் பாருங்கள். கடற்கரையே உங்களுடையது மாதிரி இருக்கும்.

முதலில் குழந்தை இருக்கை, பிறகுதான் வண்டி

பெரும்பாலானவர்கள் ஆறு பேர் தூங்கும் வண்டி என்று பார்த்து எடுத்துவிடுகிறார்கள். ஆறு படுக்கை இருப்பதால் ஆறு பேருக்கும் சட்டப்படி உட்கார இடம் இருக்கிறது என்றோ, அதில் குழந்தை இருக்கை பொருத்த முடியும் என்றோ அர்த்தமில்லை. இதை முன்பதிவுக்கு முன்பே தீர்த்துவிட வேண்டும்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ், பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து இரண்டு மாநிலத்திலும் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் பின்னோக்கிய இருக்கை. ஆறு மாதம் முதல் நான்கு வயது முடியும் வரை, பின்னோக்கியோ முன்னோக்கியோ உள்ள, தோள்பட்டை வார் சேர்ந்த இருக்கை. நான்கிலிருந்து ஏழு வயது முடியும் வரை, வார் உள்ள இருக்கை அல்லது உயரத்தைக் கூட்டும் துணை இருக்கையான பூஸ்டர். ஏழு வயதைத் தாண்டினாலும் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டரில் உட்கார வைப்பதே நல்லது. நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பின்வரிசை இருக்கும் வண்டியில் முன்வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

இருக்கை ஆஸ்திரேலியத் தரமான ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ எடுத்து வருவது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இங்கே செல்லாது. இந்த ஊர் இருக்கைகளில் மேலே ஒரு வார் இருக்கும், அதை வண்டியின் உடலோடு சேர்ந்த கொக்கியில் மாட்ட வேண்டும். மோட்டார்ஹோமில் இந்தக் கொக்கிதான் பிரச்சினை. பல வண்டிகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பக்கவாட்டில் பார்த்த இருக்கைகளில் குழந்தை இருக்கை பொருத்தவே முடியாது. பின்னோக்கிய இருக்கைக்குச் சாப்பாட்டு மேசை இடிக்கும்.

ஆகவே வாடகை நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். மேல் வாருக்கான கொக்கி எத்தனை, எந்தெந்த இருக்கையில்? என் குழந்தையின் வயதுக்கு ஏற்ற இருக்கை அதில் பொருந்துமா? நான் பதிவு செய்யும் மாடலில் எந்த ஆண்டு வண்டி வந்தாலும் இது மாறாதா? மின்னஞ்சலில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். கைக்குழந்தை இருந்து, பதில் தெளிவாக வரவில்லை என்றால் காரில் போய் கேரவன் பார்க்குகளின் கேபினில் தங்குங்கள். அதே பார்க், அதே கடற்கரை, அதே நீச்சல் குளம். எதையும் இழக்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது, பின் படுக்கையில் படுக்கக் கூடாது. குழந்தை அழுகிறது என்று பால் கலக்க எழுந்திருப்பதும் இதில் சேர்த்திதான். வீடு மாதிரி இருப்பதால் மனசு கேட்காது, ஆனால் திடீரென்று பிரேக் போட்டால் அந்த வீட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பெல்ட் போடாத குழந்தைக்கான அபராதமும், உரிமத்தில் சேரும் தண்டனைப் புள்ளியும் ஓட்டுகிறவருக்கு. பெல்ட்டையும் கையில் இருக்கும் ஃபோனையும் படம் பிடிக்கும் கேமராக்கள் இரு மாநிலத்திலும் இருக்கின்றன. பால் வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்துங்கள்.

வண்டி எடுக்கிற நாள்

4.5 டன் எடை வரையுள்ள வண்டியைச் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். வாடகை மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் இதற்குள் வரும். வெளிநாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும்.

காலையிலேயே போய் எடுங்கள். எடுத்த அன்றைக்கு நெடுந்தூரம் ஓட்டத் திட்டமிட வேண்டாம். விளக்கிச் சொல்ல வரும் ஊழியர் அவசரத்தில் இருப்பார், இருபது விஷயத்தை இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். குழந்தைகளை ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் அவர் சொல்வதை முழுக்க வீடியோ எடுத்துவிடுங்கள். இரவு பார்க்கில் சாப்பாட்டு மேசையைப் படுக்கையாக மாற்றும்போது அந்த வீடியோதான் கைகொடுக்கும். வண்டியைச் சுற்றி, கூரை ஓரம், சக்கரம், கண்ணாடி எல்லாவற்றையும் படம் பிடியுங்கள்.

உயரத்தைக் கேட்டு, ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் முன்னால் ஒட்டிவிடுங்கள். பெரிய வண்டிகள் மூன்று மீட்டரைத் தாண்டும். ஷாப்பிங் சென்டர் அடித்தளப் பார்க்கிங், துரித உணவுக் கடைகளின் டிரைவ்-த்ரூ, மரக்கிளை தாழ்ந்த தெருக்கள் எல்லாமே அதற்கு ஆபத்து. அடிப்படைக் காப்பீட்டில் கூரையில் ஏற்படும் சேதம் பெரும்பாலும் வராது. மண் சாலையில் ஓட்டவும் ஒப்பந்தம் அனுமதிக்காது, பார்க்குக்குள் நுழையும் சிறு பாதைக்கு மட்டும் விலக்கு இருக்கலாம். சிட்னி சுங்கச் சாலைகளில் காசு வாங்கும் கூண்டே கிடையாது, எல்லாம் மின்னணுமுறை. கட்டணம் எந்தக் கணக்கில் போகும் என்பதையும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் முதல் அரை மணி நேரம் பாத்திரச் சத்தம் காதைத் துளைக்கும். கிளம்பும் முன் தட்டுகளுக்கு நடுவே துணி வையுங்கள், அலமாரிக் கதவு ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று பூட்டுகிறதா பாருங்கள். இந்த வேலையை மூத்த பிள்ளையிடம் ஒப்படையுங்கள். கூரை ஜன்னல் மூடியாச்சா, காஸ் அடைத்தாச்சா, படிக்கட்டு உள்ளே போச்சா, மின்கம்பி பிடுங்கியாச்சா என்று பட்டியலைப் பிள்ளை உரக்கப் படிக்க, பெரியவர்கள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இதில் காட்டும் கண்டிப்பைப் பெரியவர்கள் காட்டுவதில்லை.

சாமானும் சமையலும்

சிட்னியை விட்டுக் கிளம்பும் முன் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் ஒரு நடை போனால் நம் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, தோசை மாவு வரை கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதையெல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. அப்படியும் ஏதாவது கொண்டுவந்தால் விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள், வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் நுழையாமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் இங்கே மிகக் கடுமை. வடக்கே போகப் போகக் கோல்ஸ், வூல்வொர்த்ஸ், ஆல்டி போன்ற சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலான ஊர்களில் இருக்கும், நம் சாமான் கிடைப்பதுதான் குறையும்.

வண்டிக்குள் தாளிக்காதீர்கள். புகை எச்சரிக்கை மணி அலறும், எண்ணெய் வாசம் திரைச்சீலையில் ஏறினால் போகாது, திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யக் காசு கேட்கலாம். அதற்குத்தான் பெரும்பாலான பார்க்குகளில் பொதுச் சமையற்கூடம் இருக்கிறது. அடுப்பு, பாத்திரம் கழுவுமிடம், குளிர்சாதனப் பெட்டி, நீண்ட மேசை எல்லாம் அங்கே உண்டு. மாலை ஆறு மணிக்கு அங்கே நாலு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் சேர்ந்துவிடும். கடற்கரைப் பூங்காக்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகும் இலவச பார்பிக்யூ தட்டுகளும் உண்டு. சைவக் குடும்பம் என்றால் சொந்தத் தோசைக்கல்லை அதன்மேல் வைத்துச் சுடுங்கள். அந்தத் தட்டில் காலையிலிருந்து பன்றி இறைச்சியும் சாசேஜும் வெந்திருக்கும்.

மின் இணைப்புள்ள இடத்தில் ரைஸ் குக்கர் பேருதவி. குளிர்சாதனம், மைக்ரோவேவ், குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மட்டும் சுவிட்ச் விழுந்துவிடும். ஓட்டும் நாட்களுக்குக் கட்டுச்சோறுதான் சரி. காலையிலேயே புளிசாதமும் தயிர்சாதமும் கலந்து வைத்துவிட்டால், பதினோரு மணிக்குப் பசி என்று குரல் வந்ததும் எந்தப் பூங்காவிலும் நிறுத்திச் சாப்பிடலாம்.

வழியும் நிறுத்தங்களும்

ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டரை ஒட்டியே ஓட்டுங்கள், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இரவாவது தங்குங்கள். காலை பத்து மணிக்குப் பார்க்கைக் காலி செய்ய வேண்டும், அடுத்த பார்க்கில் பெரும்பாலும் இரண்டு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். இடையே உள்ள நேரத்துக்குள் ஓட்டம், ஒரு விளையாட்டுத் திடல், மதியச் சாப்பாடு எல்லாம் அடங்கிவிடும். மாலை நான்கு மணிக்குமேல் நெடுஞ்சாலையில் இருக்காதீர்கள், பொழுது சாயும்போது கங்காரு குறுக்கே பாயும்.

முதல் நிறுத்தம் போர்ட் ஸ்டீவன்ஸ். சிட்னியிலிருந்து சுமார் 210 கிலோமீட்டர். நெல்சன் பே துறையிலிருந்து டால்பின் பார்க்கப் படகுகள் போகும், இங்கேயே வாழும் டால்பின்கள் என்பதால் பார்க்காமல் திரும்புவது அரிது. அன்னா பே பக்கம் ஸ்டாக்டன் மணல்மேடுகள் 32 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டிக் கிடக்கின்றன. பலகையில் உட்கார்ந்து சறுக்கி இறங்குவார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கடினம். சின்னக் குழந்தைக்கு ஷோல் பே, அலை அடங்கிய கரை.

அடுத்து போர்ட் மக்குவாரி, அங்கிருந்து சுமார் 230 கிலோமீட்டர். ஓட்டும் நாட்களில் இதுதான் நீளமானது, நடுவே இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். ஊருக்குள் 1973 முதல் இயங்கும் கோவாலா மருத்துவமனை இருக்கிறது. தீயில் வெந்ததும் கார் மோதியதும் நோய் வந்ததுமாகக் கோவாலாக்களை இங்கே வைத்துச் சிகிச்சை தருகிறார்கள். மிருகக்காட்சி சாலையில் பார்ப்பதைவிட இது பிள்ளைகளின் மனதில் நிற்கும், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் நெடுகப் பாறைகளில் வந்துபோனவர்கள் பெயரும் படமும் வரைந்து வைத்திருக்கிறார்கள். மாலை நடைக்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் சவுத் வெஸ்ட் ராக்ஸ். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். என் கணக்கில் இந்த வழியிலேயே குழந்தைகளுக்கு மிகச் சிறந்த நிறுத்தம் இதுதான், மூன்று இரவு கொடுத்தாலும் தகும். 1886-இல் திறந்த டிரையல் பே சிறைச்சாலையின் கருங்கல் சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை இங்கே காவலில் வைத்திருந்தார்கள். சுவரை ஒட்டியே தேசியப் பூங்காவின் முகாம் இடம். காலையில் கதவைத் திறந்தால் பத்தடி தள்ளிக் கங்காருக்கள் புல் மேய்ந்துகொண்டிருக்கும், பையில் குட்டியின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரொட்டி போடக் கூடாது, அருகே போகவும் கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ரொட்டி அதன் வாய்க்கு நோயைக் கொண்டுவரும். மேசையில் சாப்பாட்டைத் திறந்து வைத்தால் கோவான்னா வரும், நம் ஊர் உடும்பின் இனம்தான், அளவில் பெரிது. தேசியப் பூங்கா முகாம்களை இணையத்தில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும்.

காஃப்ஸ் ஹார்பரில் 1964-இல் வைத்த பிக் பனானா என்ற ராட்சத வாழைப்பழம் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் விளையாட்டுகள், செலவு ஆகும். மழை இல்லாத நாளென்றால் அதைவிட ஜெட்டி கடற்கரையும் மட்டன்பேர்ட் தீவு நடையும் மேல், இரண்டும் இலவசம். பக்கத்தில் வூல்கூல்கா, வாழைத்தோட்டத்தில் உழைக்க வந்து குடியேறிய சீக்கியர்களின் ஊர். வெள்ளைக் குவிமாடத்தோடு குருத்வாரா தூரத்திலேயே தெரியும்.

யாம்பாவில் க்ளாரன்ஸ் ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றோர வைட்டிங் கடற்கரையில் அலை இல்லை, குழந்தைகள் நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கலாம். கரையில் இறாலும் வாங்கலாம். பைரன் பேயில் கூட்டமும் வாடகையும் அதிகம், தெருவோரம் வண்டியில் தூங்கினால் அபராதம். பதினைந்து, இருபது நிமிடம் வடக்கே ப்ரன்ஸ்விக் ஹெட்ஸில் தங்குங்கள், டொரக்கினா கடற்கரை கைக்குழந்தைக்கும் ஏற்றது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்கு முனையான பைரன் முனைக்கும் 1901-இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கும் காலை சீக்கிரம் போய்வாருங்கள். மேலே பெரிய வண்டி நிறுத்துவது சிரமம், கீழே நிறுத்திவிட்டு நடப்பதே சரி.

கோல்ட் கோஸ்ட் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, பிள்ளைகளே சொல்வார்கள். கடலுக்கு மட்டும் டலபஜெரா சிற்றாற்றுக்குப் போங்கள்.

பார்க்கில்: தண்ணீர், மின்சாரம், கழிவு

கேரவன் பார்க் என்றும் ஹாலிடே பார்க் என்றும் சொல்வார்கள். நீச்சல் குளம், குதிக்கும் ராட்சதத் தலையணை, விளையாட்டுத் திடல், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் பெரும்பாலான இடங்களில் உண்டு. மின் இணைப்புள்ள இடத்தையே கேளுங்கள். கழிப்பறைக்குப் பக்கமாக, ஆனால் அதன் வாசலிலேயே இல்லாமல் இடம் தரச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு லோரிகீட் கிளிகளும் கூக்கபராவும் எழுப்பிவிடும், அதை யாரும் தடுக்க முடியாது. பிள்ளைகளை எட்டு மணிக்குள் படுக்க வைப்பதே வழி. ஓட்டுநர் தலைக்குமேல் உள்ள படுக்கையில் சிறுவர்கள் படுத்தால் வலையைக் கட்டாயம் மாட்டுங்கள், ஏணியை ஒருமுறை ஏறி இறங்கிப் பழக்குங்கள்.

கழிவு வெளியேற்றுவதைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை. வண்டியின் கழிப்பறைக்கு அடியில் பெட்டி போன்ற ஒரு கேசட் இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாளில் நிரம்பிவிடும், சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம். கையுறை போட்டு, வெளிப்பக்கச் சிறு கதவைத் திறந்து கேசட்டை இழுத்து, சக்கரத்தில் உருட்டி, கழிவைக் கொட்டவென்றே ஒதுக்கிய டம்ப் பாயின்ட்டுக்குக் கொண்டுபோங்கள். குழாய் முனையைத் திருப்பிக் கீழ்நோக்கிப் பிடித்த பிறகு காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்றினால் சீராக விழும். அழுத்தாமல் ஊற்றினால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். இரண்டு முறை அலசி, கொஞ்சம் தண்ணீரோடு கேசட்டுக்கான கழிப்பறை மருந்தை ஊற்றித் திரும்ப மாட்டுங்கள். பார்க்கின் சாதாரணக் கழிப்பறையில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. பகலில் பார்க்கின் கழிப்பறையையே பயன்படுத்தினால் இந்த வேலை பாதியாகக் குறையும். கேசட்டை இரவில் குழந்தைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்த தண்ணீர் தனித் தொட்டிக்குப் போகும், அதையும் குழாய் வழியே உரிய வடிகாலில்தான் விட வேண்டும். குடிதண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் ஒரே பெட்டியில் சுருட்டி வைக்காதீர்கள்.

கடலில் இறங்கும் முன்

இங்குள்ள கடல் வெளியே அழகு, உள்ளே பலம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள், அங்கேதான் மீட்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடி இல்லை என்றால் அன்று கடலில் இறங்க வேண்டாம், மணலோடு நிறுத்துங்கள். அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் கருநீலமாக, அலையில்லாமல் அமைதியாகத் தெரியும். குழந்தைக்கு அதுதான் பாதுகாப்பான இடம் என்று கண்ணுக்குத் தோன்றும். அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் இருக்கிறது. இந்த ஒன்றைக் கரையில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையைத் தூக்கி ஆட்ட வேண்டும்.

மேலே சொன்ன அலையில்லாத கரைகளிலும் சின்னக் குழந்தையைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் பையில் இருக்கட்டும்.

நீலப் பலூன் போல மணலில் ஒதுங்கும் ப்ளூபாட்டில் கொட்டினால், ஒட்டியிருக்கும் நூலைக் கடல்நீரால் கழுவி எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். சூட்டைப் பெரியவர் தன் கையில் பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்கு. காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் நாட்களில் இவை அதிகம்.

வெயில், பூச்சி, உடல்நிலை

நம் தோல் கறுப்பு, வெயில் ஒன்றும் செய்யாது என்று விடாதீர்கள். புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது இங்குள்ள பரிந்துரை, கோடையில் அது பத்தைத் தாண்டும். முழுக்கை நீச்சல் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 50+ களிம்பு மூன்றும் வேண்டும், இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். காலை பத்துக்கு முன்பும் மூன்றுக்குப் பின்பும் கடல், நடுவே தூக்கமும் நிழலும் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

புதர் ஓரம் விளையாடிய நாளில் காது மடல் பின்புறம், கழுத்து, தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா தடவிப் பாருங்கள். இந்தக் கிழக்குக் கரையில் நச்சு உண்ணி உண்டு. பாம்பு கடித்தால் கழுவாமல், கீறாமல், கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அழுத்தமாகப் பட்டி சுற்றி, அசையாமல் படுக்கவைத்து 000-க்கு அழையுங்கள். அதற்கான அகலப் பட்டி முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். அவசரமில்லாத காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு நியூ சவுத் வேல்ஸில் ஹெல்த்டைரக்ட் 1800 022 222-இல் எந்நேரமும் செவிலியர் பேசுவார். தமிழில் பேச வேண்டுமானால் 131 450-இல் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். இந்தியா, இலங்கையிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது, பயணக் காப்பீடு இல்லாமல் ஏற்றாதீர்கள்.

காட்டுத்தீ, வெள்ளம் பற்றி அறிய நியூ சவுத் வேல்ஸ் அரசின் 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியை இறக்கி வையுங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

எல்லையும் திருப்பிக் கொடுத்தலும்

நியூ சவுத் வேல்ஸில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள், குயின்ஸ்லாந்தில் அந்த வழக்கம் இல்லை. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை, ட்வீட் ஹெட்ஸில் பத்து மணி என்றால் சாலைக்கு அந்தப் பக்கம் கூலங்கட்டாவில் ஒன்பது. ஃபோன் தானே மாறிவிடும், எல்லை ஓரம் தங்கினால் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். டிசம்பரில் பிரிஸ்பேனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும் என்பதால் ஜன்னல் திரைகளை இறுக்கமாக மூடுங்கள்.

கடைசி இரவைப் பிரிஸ்பேனுக்கு அரை மணி தூரத்துக்குள் உள்ள பார்க்கில் வையுங்கள். நேரமிருந்தால் வழியில் தெற்கு மக்லீனில் செல்வ விநாயகர் கோயிலுக்குப் போகலாம். நகரத்துக்குள் சவுத் பேங்கின் செயற்கைக் கடற்கரை இலவசம், ஆனால் பெரிய வண்டியோடு அங்கே போகாதீர்கள், வண்டியைக் கொடுத்த பிறகு ரயிலில் போங்கள்.

திருப்பிக் கொடுக்கும் காலையில் அவசரம் வேண்டாம். முந்தைய நாள் மாலையே பெட்டிகளைக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து, மிஞ்சிய அரிசி பருப்பைப் பார்க்கின் சமையற்கூடத்தில் பொது அலமாரி இருந்தால் வைத்துவிடுங்கள். கேசட்டும் கழிவுநீர்த் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும், டீசல் ஒப்பந்தப்படி நிரம்பியிருக்க வேண்டும், காஸ் சிலிண்டரைப் பற்றி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். டீசல் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மேசைப் படுக்கையின் மெத்தைக்கு அடியிலும் தலைக்குமேல் படுக்கையின் ஓரத்திலும் கை விட்டுத் தேடுங்கள், பொம்மையும் ஒற்றைக் காலுறையும் அங்கேதான் போய் ஒளிந்திருக்கும். மறுபடியும் நாலு பக்கமும் கூரையும் படம் எடுத்து, ஊழியர் பார்த்துக் கையெழுத்திட்ட தாளை வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.